கருமுட்டை வந்ததா: ரத்த டெஸ்ட்டா, சிறுநீர் ஸ்ட்ரிப்பா?

முக்கூடல், கடையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. கருமுட்டை வந்ததா என்று காட்டும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனை ரத்தத்தில் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினால் அன்றைய வரும்படி போச்சு. வீட்டிலேயே பார்க்கிற ஸ்ட்ரிப் போதாதா என்று கேட்பது நியாயம்தான்.

முதலில், இரண்டும் ஒரே பொருளை அளப்பதில்லை. கருமுட்டை வெளிவந்த பிறகு சூலகத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரான் ரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும். கல்லீரல் அதைப் பிரெக்னேன்டையாலாக மாற்றிச் சர்க்கரை அமிலம் ஒன்றோடு கோக்கும்; சிறுநீரகம் வெளியே தள்ளும். ஸ்ட்ரிப் பார்ப்பது இந்தக் கழிவைத்தான். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கழிவை 1929-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஹார்மோன் 1934-இல்தான் தூய வடிவில் கிடைத்தது.

ரத்த டெஸ்ட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் கருமுட்டை வந்தது என்று கொள்ளலாம். ஆனால் புரோஜெஸ்டிரான் விட்டுவிட்டுச் சுரப்பது. காலையில் ஓர் எண், மதியம் அதில் பல மடங்கு என்றும் வரும். ஆகவே 8 நல்லது, 12 அதைவிட நல்லது என்று ரிப்போர்ட்டை ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை தேதி. "இருபத்தோராம் நாள் வரச் சொன்னாவ, வந்தேன். முட்டையே வரலங்கீயளே?" என்று கேட்கிறவருக்கு 35 நாள் சுற்றாக இருந்தால், அன்றுதான் முட்டை வெளிவந்துகொண்டிருக்கும்! அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்னால், அதாவது 28ஆம் நாள், அவர் வந்திருக்க வேண்டும். 21 என்பது 28 நாள் சுற்றுக்கான கணக்கு.

சிறுநீரில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. இரவு முழுக்கச் சேர்ந்தது காலை முதல் சிறுநீரில் சராசரியாக வந்துவிடும். சுற்று ஒழுங்கில்லாதவர்கள் சில நாள் தொடர்ந்து பார்க்கலாம்; அந்த வகையில் ஸ்ட்ரிப்புக்கே என் ஓட்டு. தண்ணீர் நிறையக் குடித்திருந்தால் நீர்த்துப்போய் ஏமாற்றும், அது ஒரு குறை. இன்னொன்று, பெரும்பாலான ஸ்ட்ரிப்களில் ஒரு கோடு வந்தால்தான் 'ஆம்'. கர்ப்ப கார்டுக்கு நேர் எதிர். அந்தப் பழக்கத்தில் இரண்டு கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

மருந்து எடுப்பவர்கள் கதை வேறு. புரோஜெஸ்டிரான் மாத்திரையை விழுங்கினால் பெரும்பகுதி உடம்பெங்கும் போகும் முன்பே கல்லீரலில் உடைந்துவிடும். தூக்கம் வருவதும் அந்த உடைந்த துண்டுகளால்தான். சிறுநீரில் கழிவு ஏறுவதால் ஸ்ட்ரிப் மாத்திரையைத்தான் காட்டும், முட்டையை அல்ல. அதையே பிறப்புறுப்பில் வைத்தால் கருப்பைக்கு நிறையப் போய்ச் சேரும், ரத்தத்தில் எண் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து மருந்து பிடிக்கவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். அதே வேலையைச் செய்யும் செயற்கை மருந்தான டைட்ரோஜெஸ்டிரான் மாத்திரை என்றால் அது பிரெக்னேன்டையாலாக மாறுவதே இல்லை. ஸ்ட்ரிப்பில் தெரிவது உங்கள் உடம்பு சுரந்ததுதான். எதைக் கொடுத்திருக்கிறார்கள் என்று சீட்டில் பெயரைப் பார்த்துக்கொண்டு, அப்புறம் டெஸ்ட்டுக்குப் போங்கள்.