பேசிப் பார்த்து எடுப்பதா, செய்யச் சொல்லிப் பார்த்து எடுப்பதா?

சின்ன நிறுவனங்களில் ஆள் எடுப்பது பெரும்பாலும் அரைமணி நேரப் பேச்சில் முடிந்துவிடுகிறது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்று தொடங்கி, பேச்சு போன போக்கில் போய், "ஆள் நல்லாத் தெரியறார்" என்பதில் வந்து நிற்கும். செலவில்லாத வழிதான். ஆனால் இதில் தேறுகிறவர் நன்றாகப் பேசத் தெரிந்தவர், இல்லாவிட்டால் ஏதோ ஒரு விதத்தில் நம்மைப் போலவே இருக்கிறவர். விற்பனைக்கு ஆள் எடுத்தால் அந்தப் பேச்சு உதவும். கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்க்க எடுத்தால்?

இதற்கு மாற்று, வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதைக்கப்போதே மதிப்பெண் போடுவது. வறட்டுத்தனமான வேலை, மூன்றாவது ஆளிடம் கேட்கும்போதே நமக்குச் சலிப்புத் தட்டிவிடும். பலன் என்னவோ இதில்தான் அதிகம். ஆள் தேர்வு பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டி 2022-ல் உளவியலாளர் பால் சாக்கெட் குழுவினர் மறுகணக்குப் போட்டார்கள். தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணும் பிறகு வேலையில் காட்டிய திறமையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்ததில், கேள்விகளை வரையறுத்துக்கொண்ட நேர்காணலுக்கு 0.42, போன போக்கில் பேசுவதற்கு 0.19. முழுப் பொருத்தம் என்றால் 1. ஆக, அந்தக் கணக்கில் முதலிடம் பிடித்த, கேள்விகளை வரையறுத்த நேர்காணலே பல சமயம் காலை வாரும்.

கேள்வியிலும் விஷயம் இருக்கிறது. "கோபமாக வரும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்றால் "பொறுமையாகப் பேசுவேன்" என்று எல்லாரும் சொல்வார்கள். "கடைசியாக ஒருவர் உங்களிடம் சத்தம் போட்டபோது என்ன நடந்தது, அடுத்து நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் மனப்பாட பதில் உதவாது.

மூன்றாவது வழி, வேலையில் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்வது. 1998-ல் ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் தொகுத்த பட்டியலில் இதற்கு 0.54, முதலிடம். 2022 கணக்கில் 0.33-க்கு இறங்கிவிட்டது. அப்படியும் சின்ன நிறுவனத்துக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் எண்ணில் அடங்காத சிலதும் இதில் கண்ணில் படும். கணக்கருக்கு ஆள் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு மாத வங்கி அறிக்கையையும் பில்களையும் கற்பனையாகத் தயாரித்து, ஒரு பில்லை எடுத்துவிட்டு, ஒரு தொகையை இரண்டு தடவை பதிந்து கையில் கொடுங்கள். ஒருவர் இடிக்கும் தொகையை 'இதர செலவு' என்று எழுதி கணக்கை நேராக்கிவிடுவார். இன்னொருவர் பாதியில் எழுந்து வந்து, "இந்த பில் எங்கே சார்?" என்பார். இரண்டாமவர் நேரத்துக்குள் முடிக்காவிட்டாலும் எனக்கு அவர்தான் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிற சோதனை என்றால் கூலி கொடுத்துவிடுங்கள். நிஜ வேலையைக் கொடுத்து ஓசியில் முடித்துக்கொள்வது அயோக்கியத்தனம்.

தெரிந்தவர் சிபாரிசு ஆளை வாசல்வரை கொண்டுவரலாம். அதற்காகச் சோதனையைத் தள்ளுபடி செய்ய வேண்டாம். வேலை பார்த்த வருஷக் கணக்கை நம்பியும் பயனில்லை, அதற்கு அந்த 1998 பட்டியலிலேயே 0.18-தான். "மூணு மாசம் வச்சுப் பார்ப்போம், சரிப்படலேன்னா அனுப்பிடலாம்" என்பவர்கள் உண்டு. சம்பளம் போகட்டும், சொல்லிக் கொடுக்கிறவரின் நேரமும் அதில் கரைகிறது. கூடவே, பழகிய முகத்தை அனுப்ப மனசு வராமல் மூன்று மாதம் மூன்று வருஷமாகிவிடும்.

இரண்டுக்கு நேரமிருந்தால் சோதனையை முதலிலும் நேர்காணலைப் பிறகும் வையுங்கள். பேசிப் பிடித்துப்போன ஆளின் தாளைத் திருத்தும்போது கை தாராளமாகிவிடும். பெயரை மறைத்துவிட்டுத் திருத்தினால் இன்னும் நல்லது.