கிராமபோனைச் சரிசெய்யக் கொடுக்கும் முன் சவுண்ட் பாக்ஸைப் படம் எடுத்து வையுங்கள்

வீட்டில் பழைய எச்.எம்.வி. கிராமபோன் வைத்திருப்பவர்கள் அதை யாரிடமாவது சரிசெய்யக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் பெட்டி எச்.எம்.வி. 102. 1931-ல் சந்தைக்கு வந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஓடிய மாடல். கையில் தூக்கிப் போகும் கறுப்புப் பெட்டி. மூடியின் உட்பக்கம் இசைத்தட்டுகளைச் செருகி வைக்கலாம். ஊரில் கல்யாணம், காதுகுத்து என்றால் தாத்தாவிடம் இரவல் கேட்டு வருவார்கள். போன இடத்தில் பாகம் மாறிவிடக் கூடாது என்று ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் வட்டமான சவுண்ட் பாக்ஸின் பின்புறம் தன் பெயரின் முதலெழுத்தான ‘ரா’வை ஊசியால் கீறி வைத்திருந்தார்.

போன ஆண்டு சாவி கொடுக்கும்போது உள்ளே ‘டங்’கென்று சத்தம் கேட்டது. அதன் பிறகு சாவி பிடிமானமே இல்லாமல் சுற்றியது. ஸ்பிரிங் அறுந்துவிட்டது. சென்னையில் கிராமபோன் வேலை செய்பவர் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். மதுரையிலிருந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே போனேன். ஓட்டிப் பார்க்க மூன்று இசைத்தட்டுகளும் கொடுத்தேன். அவர் கூடத்தில் பளபளக்கும் பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன்கள் வரிசையாக நின்றன. அவற்றைப் பார்த்துத்தான் இவர் கைகாரர் என்று நம்பினேன். மூன்று வாரம் என்றார். ஐந்து மாதம் இழுத்தார். 9,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீது கிடையாது.

வீட்டுக்கு வந்து முழுச் சாவி கொடுத்து, அந்தக் கால நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டு ஒன்றை வைத்தேன். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு நிமிடம் சரியாகத்தான் ஓடியது. பிறகு சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எட்டுக் கட்டையில் நிற்க வேண்டிய குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் முனகி அப்படியே நின்றது. அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம்தான். ஒரு முழுச் சாவி அதற்குத் தாராளமாகப் போதும்.

எங்கள் தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் பெட்டியைத் திறந்து காட்டினார். சென்னைக்காரர் அறுந்த ஸ்பிரிங்கை மாற்றவே இல்லை. அறுந்த இடத்துக்கு அப்பால் இருந்ததை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தில் துளை போட்டுக் கொக்கியில் மாட்டியிருந்தார். இரண்டு அங்குலம் போயிருந்தால் குற்றமில்லை. இங்கே பாதிக்கு மேல் போயிருந்தது. கிராபைட் கிரீஸ் இட வேண்டிய இடத்தில் வண்டிச் சக்கரத்துக்குப் போடும் மஞ்சள் கிரீஸ்.

பிறகுதான் சவுண்ட் பாக்ஸைக் கழற்றித் திருப்பினேன். பின்புறம் மொழுமொழுவென்று இருந்தது. ‘ரா’ இல்லை. எங்களுடையது எச்.எம்.வி.யின் 5பி வகை, அதிர்வதற்கு அலுமினியத் தகடு வைத்தது. இதில் இருந்தது மைக்கா. எந்தப் பெயரும் எண்ணும் இல்லாத புது வார்ப்பு. சென்னைக்காரரைத் தொலைபேசியில் கேட்டேன். “பழையது வீணாகிவிட்டது சார், தூக்கிப் போட்டுவிட்டேன். உங்களுக்குப் புதிதே போட்டிருக்கிறேன்” என்றார். தனியாகவே நல்ல விலைக்குப் போகும் பாகத்தை யார் தூக்கிப் போடுவார்கள்? அந்தப் பித்தளைக் குழாய்ப் பெட்டிகளைப் பற்றியும் பெரியவர் சொன்னார். அவை பெரும்பாலும் இப்போது செய்து, எச்.எம்.வி.யின் நாய்ப் படம் ஒட்டி, பழையது என்று விற்கப்படுபவை. உள்ளே இருக்கும் மோட்டார் எங்களுடையதைப் போன்ற பழைய கைப்பெட்டிகளிலிருந்து பிடுங்கியது. எங்கள் பாகம் அப்படிப் போனதற்கு என்னிடம் சான்று இல்லை. சென்னைக்காரர் அதைத் திருப்பித் தரவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

தட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்திருக்கிறார். இது எனக்குப் பணத்தைவிடப் பெரிய இழப்பு. அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது. ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். மூன்றும் மினுமினுப்புப் போய்ச் சாம்பல் பூத்திருக்கின்றன. பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கிறது.

கொடுக்கும் முன் சவுண்ட் பாக்ஸ், மோட்டார், ஊசி அறை எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். மாற்றும் பாகம் எதுவானாலும் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். தட்டுகளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே ஒரு முழுப் பக்கம் ஓடவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி. தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு ஒட்டி எண்ணுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் 20 விநாடிக்கு 26. ஆரம்பத்திலும் கடைசியிலும் அதே எண்ணிக்கை வர வேண்டும். ஸ்பிரிங் உருளையை மட்டும் வீட்டில் திறந்து பார்க்காதீர்கள்; சுருள் தெறித்தால் கையைக் கிழித்துவிடும்.

பழம்பொருள் கடையிலோ யார் வீட்டிலோ, பின்புறம் ‘ரா’ என்று கோணல்மாணலாகக் கீறிய 5பி சவுண்ட் பாக்ஸைப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள். கேட்கும் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.