காற்றா, கரியமில வாயுவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பிள்ளைகள் பத்து மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டிக்குத் தயாராகும்போது தயங்குவது இங்கேதான்: குண்டைத் தள்ள அழுத்தக் காற்றா, கரியமில வாயுவா?

வெயில்: எனக்கு இதுவே முதல் கேள்வி. உருளைக்குள் திரவமாக இருக்கும் கரியமில வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும். 20 டிகிரியில் ஏறத்தாழ 57 பார் (பார் என்பது அழுத்த அலகு). 30 டிகிரியில் 72. 31 டிகிரியைத் தாண்டினால் திரவநிலையே இல்லை. தகரக் கூரைக்கு அடியில், காலையில் சரிபார்த்த குறி மதியத்தில் நம்மைக் கைவிடும். காற்று உருளையில் 200 பார் வரை நிரப்பினாலும் துப்பாக்கியில் உள்ள சீராக்கி (ரெகுலேட்டர்) அழுத்தத்தை நிலைநிறுத்துவதால் குண்டின் வேகம் அதிகம் மாறாது.

செலவு: பழைய வாயுத் துப்பாக்கி மலிவு. காற்று நிரப்ப முக்குளிப்போர் உருளையோ கைப்பம்போ வேண்டும். பம்பு அடித்தால் தோள் சோரும், சுடும் நாளில் அடிக்காதீர்கள்.

ஆயுள்: காற்று உருளையில் பொறித்திருக்கும் காலாவதித் தேதியைப் பார்க்காமல் பழையதை வாங்கவே வாங்காதீர்கள்.

உரிமம்: 1960 ஆயுதச் சட்டம் இரண்டுக்கும் பொது.

குளிரூட்டிய கூடத்தில் பழகத் தொடங்குபவருக்கு வாயு போதும். திறந்த கொட்டகையில் புள்ளிக்காகப் போராடுபவர், ஓராண்டு காத்துப் பணம் சேர்த்தாவது காற்றையே வாங்கட்டும்.