பல் டாக்டர் மேல்படிப்பு எம்டிஎஸ் சீட்டுக்கு ஏஜென்ட்ட பணம் கட்டாதீங்க, எங்க 2,75,000 போச்சு

கை நடுங்குது, இருந்தாலும் இப்பவே எழுதிடுதேன். நான் பிடிஎஸ், அதாவது பல் டாக்டர் படிப்பு முடிச்சவ, சொந்த ஊரு பாளையங்கோட்டை. வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் பக்கம் போகணும்னுதான் ஓரல் சர்ஜரி எம்டிஎஸ் கேட்டேன், ஏன்னா பீடி, வெத்தல பொகையிலன்னு போட்டுப் போட்டு வாய்க்குள்ள மூணு விரல்கூட நுழையாம வார ஆளுங்கள இங்க நான் கண்ணால பாத்துருக்கேன். நீட் எம்டிஎஸ்ல பாஸ் ஆனேன், ஆனா அந்தப் பிராஞ்ச் கிடைக்கிற ரேங்க் இல்ல.

இங்க நெல்லை வண்ணாரப்பேட்டைல மாடியில ஒரு அட்மிஷன் கன்சல்டன்சி, பேரு சொல்லல. அந்தாளு எங்க அப்பாவ "அண்ணாச்சி, அண்ணாச்சி"ன்னு கூப்பிட்டு, அவரே எந்திரிச்சு ஃபேன அப்பா பக்கம் திருப்பி வச்சு, "பிள்ள டாக்டரு, நான் பாத்துக்கிடுதேன், ஸ்ட்ரே ரவுண்டு முடிஞ்சதும் விழுற சீட்டு நம்ம கையில"ன்னாரு. ஸ்ட்ரே ரவுண்டுன்னா மிச்சம் விழுற சீட்டுக்கு நடக்குற கடைசி கவுன்சிலிங். அம்மா வளையல அடகு வச்ச காசு அது. 2,75,000 ரூபாய். பாதி ரொக்கம், பாதி ஜிபேல, அதுவும் அவரோட சொந்த நம்பருக்கு. ரசீதுன்னு ஒரு துண்டுச் சீட்டு, அதுல "ப்ராசஸிங்"னு மட்டும் எழுதிருக்கு, எதுக்குன்னே இல்ல.

அதுக்கப்புறம் எப்ப கூப்பிட்டாலும் "சார் டெல்லி போயிருக்காவ", "லிஸ்ட் இன்னும் வரல", "நாளைக்கு வாங்கம்மா". கடைசில ஓரல் சர்ஜரி இல்ல, ஓரல் பேத்தாலஜி எடுத்துக்கோ, அது முடிச்சிட்டு எம்சிஎச் (சர்ஜரில உயர்படிப்பு) போயி கேன்சர் ஆபரேஷன் பண்ணலாம்னு என்கிட்டயே சொல்லுதாரு! ஓரல் பேத்தாலஜி பயாப்சி ஸ்லைட மைக்ராஸ்கோப்புல பாத்து நோயச் சொல்ற படிப்பு, கத்தி எடுக்கிற படிப்பு கிடையாது. எம்சிஎச்சுக்கு எம்பிபிஎஸ், எம்எஸ் முடிச்சவங்கதான் போக முடியும், நம்மளுக்கு ஓரல் சர்ஜரி எம்டிஎஸ் முடிச்சிட்டு கேன்சர் ஆஸ்பத்திரில ஹெட் அண்ட் நெக் (தலை, கழுத்து ஆபரேஷன்) ஃபெலோஷிப் பண்றதுதான் வழி. இதுகூடத் தெரியாத ஆளு சீட்டு விக்காரு. பணத்தத் திருப்பிக் கேட்டதுக்கு "ப்ராசஸிங் ஃபீ திரும்ப வராதும்மா"ன்னு சொல்லிட்டு அப்பா நம்பர பிளாக் பண்ணிட்டாரு. அப்பா அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல.

2,75,000 ரூபாய்ங்க. நாங்க புகார் குடுத்தாச்சு.

எம்டிஎஸ் சேரப் போற பிள்ளைங்க பாத்துக்கிடுங்க, டீம்டு (நிகர்நிலைப் பல்கலைக்கழக) காலேஜ் சீட்டும் எம்சிசி (மத்திய அரசு கமிட்டி) கவுன்சிலிங்லதான், நம்ம ஸ்டேட்ல மேனேஜ்மென்ட் சீட்டுக்கும் கவுன்சிலிங்தான், ஸ்ட்ரே ரவுண்டும் அதுக்குள்ளதான் வருது. வெளிய தனியா யார் கையிலயும் சீட்டு கிடையாது. ரொக்கமா குடுக்காதீங்க, தனி ஆளு நம்பருக்குப் போடாதீங்க. ஆன்லைன்ல போட்டுட்டீங்கன்னா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க. அந்தாளு இப்ப வேற நம்பர்ல இருந்து என் ஜூனியர் பிள்ளைங்களக் கூப்பிட்டுட்டு இருக்காராம், யாராவது ஏற்கனவே கட்டியிருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்தே போயி கமிஷனர் ஆபீஸ்ல மனு குடுப்போம்.