அட்லாண்டிக் கரையோரம் சைக்கிளில்: பிரான்ஸா, போர்ச்சுகலா, அயர்லாந்தா?

நாளுக்கு 45 முதல் 60 கி.மீ., பைகளோடு மணிக்கு 14, 15 கி.மீ. வேகம், மதியம் ஒரு கடல் குளியல், மாலை ஐந்து மணிக்குள் கூடாரம். நிதானமான பயணம் என்று நான் சொல்வது இதைத்தான். ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையில் இப்படி இரண்டு மூன்று வாரம் ஓட்ட நினைப்பவர் முன்னால் மூன்று பாதைகள் வந்து நிற்கும். பிரான்ஸில் ரொஸ்கோஃப் துறைமுகத்திலிருந்து ஸ்பெயின் எல்லையிலுள்ள ஆந்தாய் வரை, 1,200 கி.மீ.-க்கு மேல் நீளும் வெலோதிசே. போர்ச்சுகலின் மேற்குக் கரை. அயர்லாந்தின் 'வைல்ட் அட்லாண்டிக் வே'. நார்வேயில் தொடங்கி போர்ச்சுகலில் முடியும் யூரோவெலோ 1 என்ற நெடும்பாதை இந்த மூன்று நாடுகளையும் தொட்டுச் செல்கிறது. அதனால் மூன்றும் ஒரே வகை என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். ஓட்டிப் பார்த்தால் மூன்றும் மூன்று வகை.

நான் தேர்ந்தது பிரான்ஸ், அதிலும் நாந்த் நகருக்குத் தெற்கே உள்ள பகுதி. இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

காட்சி அழகில் அயர்லாந்துக்கும் போர்ச்சுகலுக்கும்தான் முதலிடம். செங்குத்துப் பாறை, அதன் அடியில் மோதும் அலை, ஆளில்லாத முனை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பிரான்ஸுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரே ஷெங்கன் விசாவில் போகலாம். அயர்லாந்துக்கு விசா தனி. இவற்றை நீட்டி எழுத வேண்டியதில்லை.

அயர்லாந்தின் பாதை 2014-இல் கார் பயணிகளுக்காகக் குறிக்கப்பட்டது. தெற்கே கின்சேலில் தொடங்கி வடக்கே டொனகால் வரை ஏறத்தாழ 2,500 கி.மீ. கார்கள் ஓடும் சாலையிலேயேதான் சைக்கிளும் போக வேண்டும். பல இடங்களில் ஓரம் என்று தனியாக எதுவும் கிடையாது. கல்சுவரோ புதர்வேலியோ தாரை ஒட்டியே நிற்கும், வளைவுக்கு அப்பால் வருவது தெரியாது. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் தெற்கிலிருந்து வடக்கே போவது நல்லது. கெர்ரி வளையத்தில் சுற்றுலாப் பேருந்துகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகும், அவை எப்போது கடக்கும் என்று பார்த்துத்தான் அன்றைய ஓட்டத்தைத் திட்டமிட வேண்டும். மழையில் ரிம் பிரேக் கட்டைகள் வேகமாகத் தேயும். ஈரத்தோடு சேரும் மண்துகள் உப்புத்தாளைப் போல ரிம்மையே அரித்துவிடும். டிஸ்க் பிரேக் இல்லாவிட்டால் இரண்டு செட் கட்டை கையில் இருக்கட்டும். வெஸ்ட்போர்ட்டிலிருந்து அகில் வரை 42 கி.மீ. தனிப்பாதை ஒன்று உண்டு. 1937-இல் மூடிய ரயில் தடத்தின் மேல் போட்டது, மிக இனிமையான ஓட்டம். அதற்காக மட்டும் இரண்டு நாள் போய்வருவது நியாயமே. மூன்று வாரத்தை அங்கே நிதானமாகக் கழிப்பது வேறு விஷயம்.

போர்ச்சுகலில் கோடைக்கு ஒரே திசைதான், வடக்கிலிருந்து தெற்கு. 'நொர்த்தாதா' எனப்படும் வடகாற்று பிற்பகலில் வலுத்து முதுகில் கை வைத்துத் தள்ளும். எதிர்த்திசையில் போனால் அதே காற்றில் மணிக்கு எட்டு, ஒன்பது கி.மீ. ஓட்டுவதே பெரும்பாடு. வட பகுதி ஊர்களுக்குள் கருங்கல் பாவிய தெருக்கள். அவற்றின் அதிர்வில் கேரியர் போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். கிளம்பும் முன்பே ஒவ்வொரு எம்5 போல்ட்டிலும் ஒரு சொட்டு திருகுப்பசை விடுங்கள், இரண்டு போல்ட் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மணல்மேடுகளின் மேல் போட்ட மரப்பலகை நடைபாதைகள் ஆசை காட்டும். பல இடங்களில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, அனுமதி உள்ள இடத்திலும் காலைப்பனியில் பலகை வழுக்கும். தெற்கே சினெஷ் தாண்டியதும் கரை தன் முழு அழகைக் காட்டத் தொடங்குகிறது. கூடவே ஒவ்வொரு ஆற்றுமுகத்துக்கும் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டிய வேலையும் தொடங்குகிறது. 'மீனவர் தடம்' எனப்படும் புகழ்பெற்ற பாறையோரப் பாதை நடப்பவர்களுக்கு மட்டும். சைக்கிள் உள்ளே தள்ளியிருக்கும் சாலைக்குத்தான் போக வேண்டும், அந்தச் சாலையில் லாரியும் வரும்.

இனி பிரான்ஸ். 2012-இல் திறந்த வெலோதிசேயில் பெரும்பகுதி கார் வராத பாதை. நாந்த் தாண்டினால் ஏற்றமும் குறைவு. கடைசி 30, 40 கி.மீ., ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பாஸ்க் பகுதியில்தான் தொடை எரியும். ஆனால் இவை எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது ரயில்.

ஏன் ரயில்?

நிதானப் பயணம் பாதையின் நீளத்தால் கெடுவதில்லை, விட்டு விலக முடியாதபோதுதான் கெடுகிறது. மூன்று நாள் தொடர் மழை, எதிர்க்காற்று, முழங்கால் வலி, உடைந்த பின்சக்கர ஸ்போக், மூடிய காட்டுப்பாதை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று எந்தப் பயணத்திலும் வரும். அருகில் சைக்கிளை ஏற்றும் ரயில் இருந்தால் அரைநாள் இழப்போடு முடியும். இல்லாவிட்டால் ஓட்டக் கூடாத நாளில் ஓட்டியாக வேண்டும், விபத்துகள் நடப்பதும் அப்படிப்பட்ட நாளில்தான்.

போர்னிக், சேன்-ழில், லே சாப்ல்-தொலோன், லா ரொஷெல், ரொஷ்ஃபோர், ரொயான், லெ வெர்தோன், ஆர்க்கஷோன், பயோன், பியாரிட்ஸ், சேன்-ழான்-த-லூஸ், ஆந்தாய். வெலோதிசேயின் தென்பாதியில் இத்தனை ஊர்களில் ரயில் நிலையம் இருக்கிறது. இவற்றில் போர்னிக், சேன்-ழில், லே சாப்ல், ரொயான், வெர்தோன், ஆர்க்கஷோன் ஆகியவை கிளைப்பாதையின் கடைசி நிலையங்கள். இது சிறு விவரம் அல்ல. இடை நிலையத்தில் ரயில் ஒன்றிரண்டு நிமிடம் நிற்கும்போது பைகளைக் கழற்றி, சைக்கிளைத் தூக்கி, சைக்கிள் படம் போட்ட கதவைத் தேடி ஓடுவது பதற்றம். கடைசி நிலையத்தில் வண்டி முன்பே வந்து காத்து நிற்கும். கதவைப் பார்த்து, நான்கு பையையும் ஒரே பட்டையில் கட்டி முதலில் உள்ளே வைத்து, பிறகு சைக்கிளை ஏற்றலாம்.

டிஇஆர் எனப்படும் வட்டார ரயில்களில் சைக்கிளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. கோடையில் சில தடங்களில் முன்பதிவு கேட்பார்கள், பெட்டிக்குச் சில இடங்கள்தான் இருக்கும். ஞாயிறு மாலை ஆர்க்கஷோனிலிருந்து பொர்தோ திரும்பும் வண்டியைத் தவிர்த்துவிடுங்கள், கடற்கரைக்கு வந்த நகரமே அதில் ஏறும். சில பெட்டிகளில் முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட வேண்டும். 15 கிலோ சைக்கிளுக்குச் சிரமமில்லை, 25 கிலோ மின்சைக்கிளுக்கு இருவர் தேவை, பேட்டரியை முதலில் கழற்றிவிட வேண்டும். அதிவேக டிஜிவி வேறு கணக்கு. சிலவற்றில் முழு சைக்கிளுக்கு முன்பதிவு இடம் உண்டு. மற்றவற்றில் 130-க்கு 90 சென்டிமீட்டர் பைக்குள் கழற்றி அடக்க வேண்டும்.

இடைவெளி இல்லாமல் இல்லை. லே சாப்லுக்கும் லா ரொஷெலுக்கும் நடுவே ஏறத்தாழ 120 கி.மீ. கரையில் நிலையம் கிடையாது. ஆர்க்கஷோனுக்கும் பயோனுக்கும் நடுவே லாந்த் காட்டில் 170, 180 கி.மீ. ஆனால் அங்கே ரயில் பாதை உள்ளே தள்ளி இணையாக ஓடுகிறது. மிமிசானிலிருந்து லபூயேர் நிலையம் சுமார் 30 கி.மீ., மேடு பள்ளமே இல்லாத காட்டுச்சாலை, இரண்டு மணி நேரம்.

இதைப் போர்ச்சுகலோடு ஒப்பிடுங்கள். போர்ட்டோவுக்கு வடக்கே ரயில் கடலை ஒட்டி வலென்சா திசையில் போகிறது. தெற்கே அல்கார்வில் லாகோஷிலிருந்து கிழக்கே ஓடுகிறது. இரண்டும் அருமை. ஆனால் ஊரே கொண்டாடும் தென்மேற்குக் கரையில், செதூபலில் படகேறி த்ரோயாவில் இறங்கியது முதல் லாகோஷ் வரை, ஏறத்தாழ 240 கி.மீ.-க்குப் பயணிகள் ரயில் இல்லை. சினெஷுக்குப் போகும் தடத்தில் சரக்கு வண்டிதான் ஓடுகிறது. உள்நாட்டுப் பாதையோ குன்றுகளுக்கு அப்பால். பேருந்தின் கீழ்ப்பெட்டியில் இடம் இருந்தால்தான் சைக்கிளுக்கு வழி. அயர்லாந்தில் ட்ரலீ, கால்வே, வெஸ்ட்போர்ட், ஸ்லைகோ என்று நிலையங்கள் உண்டு. பெரும்பாலான தடங்கள் டப்ளினை நோக்கியே ஓடுவதால் கரையின் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குத் தாவ அவை அதிகம் உதவாது. டொனகால் மாவட்டத்தில் ரயிலே இல்லை.

ரயில் அருகில் இருப்பதால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. பிரெஞ்சுக் கரையில் கோடைக்காற்று பெரும்பாலும் மேற்கு, வடமேற்கு. வடக்கிலிருந்து தெற்கே போவதே வழக்கம். ஆனால் தெற்கிலிருந்து காற்று இரண்டு மூன்று நாள் வீசும் என்று வானிலை அறிக்கை சொன்னால், ரொஷ்ஃபோரிலிருந்து ரயிலில் லா ரொஷெல் போய் ஒருநாள் ஊர் சுற்றலாம். அல்லது ஒரு கட்டத்தை ரயிலில் தாண்டி அதே பாதையைத் திருப்பி ஓட்டலாம். மற்ற இரு கரைகளிலும் இந்தச் சுதந்திரம் எங்கோ சில இடங்களில்தான் கிடைக்கும்.

காட்டுத்தீயும் இதில் சேரும். 2022 ஜூலையில் ஆர்க்கஷோன் அருகே லா தெஸ்த் காடு எரிந்தது. தீ அபாயம் உச்சத்துக்குப் போனால் காட்டுப்பாதைகளைச் சைக்கிளுக்கும் மூடிவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் முந்தின மாலையே மாவட்ட நிர்வாகத்தின் எச்சரிக்கை நிலையைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். மே, ஜூன், செப்டம்பரில் இந்தத் தொல்லை குறைவு, கூட்டமும் குறைவு.

பிரான்ஸின் குறைகள்

முதலாவது, கடல் தெரியாது. லாந்த் பகுதியில் பாதை மணல்மேட்டுக்குப் பின்னால் பைன் காட்டுக்குள் ஓடுகிறது. அலையின் இரைச்சல் காதில் விழும், உப்பு வாசம் வரும், கண்ணுக்குத் தெரிவது மரம் மட்டும். கடலைப் பார்க்க ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் கிளைப்பாதையில் திரும்ப வேண்டும். நாளுக்கு 55 கி.மீ. என்று திட்டமிட்டால் இந்தத் திருப்பங்களுக்கு எட்டுப் பத்து கி.மீ. ஒதுக்குங்கள்.

இரண்டாவது, சூலாக்கிலிருந்து லக்கானோ நோக்கி வரும் கான்கிரீட் பாதை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படை தன் கடலரண்களுக்காகப் போட்டது. குறுகலானது. பைன் வேர்கள் பலகைகளைத் தூக்கிவிட்டிருக்கும், உதிர்ந்த ஊசியிலை அந்த விளிம்பை மறைத்துவிடும். 28 மி.மீ. டயர் அந்த விளிம்பில் மோதினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரட்டை ஓட்டை விழும். 38 முதல் 42 மி.மீ. டயர், பின்னால் 3 பார், முன்னால் 2.5 பார் போதும். பைகளின் கீழ்க்கொக்கி கேரியர் தண்டைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் முதல் வேரிலேயே பை எகிறிப் போகும். காற்று கொண்டுவந்த மணல் குறுக்கே கிடந்தால் பிரேக்கைத் தொடாமல், கைப்பிடியைத் திருப்பாமல், கியரை ஒன்று குறைத்து மிதித்துக்கொண்டே கடக்க வேண்டும்.

மணலும் உப்பும் செயினைத் தின்னும். ஈர எண்ணெய் போட்டால் மணல் அதில் ஒட்டி அரைக்கும். மெழுகுவகை எண்ணெய் போதும், மாலையில் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. கழுவும்போது குழாய்நீரை மெல்ல விடுங்கள். அழுத்தக் குழாய் ஹப்பின் பேரிங்குக்குள் உப்புநீரை ஏற்றிவிடும்.

நேரம் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. நுவார்முத்தியே தீவுக்குப் போகும் லெ குவா தரைப்பாதை, நாலு கி.மீ.-க்குச் சற்று அதிகம், கடல் ஏற்றத்தில் முழுகிப்போகும். கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னும் பின்னும்தான் கடக்கலாம். வற்ற நேரம் எழுதிய பலகையைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. கடந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ரொஷ்ஃபோரில் 1900-இல் கட்டிய, மேடை தொங்கியபடி ஆற்றைக் கடக்கும் இரும்புப் பாலம் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும், பருவ காலத்தில் மட்டும். ரொயானிலிருந்து வெர்தோனுக்குக் கார்ப்படகு. கடைசிப் படகைத் தவறவிட்டால் அன்று ரொயானில்தான் தூக்கம். கப் ஃபெரேயிலிருந்து ஆர்க்கஷோனுக்குச் சிறு படகு, சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். அதை விட்டால் உப்பங்கழியைச் சுற்றி 65 கி.மீ.-க்கு மேல், பெரும்பாலும் ஊர்த்தெருக்கள் வழியாக.

தங்குமிடத்துக்கு 'அகேய் வெலோ' என்ற முத்திரையைத் தேடுங்கள். சைக்கிள் பாதையிலிருந்து ஐந்து கி.மீ.-க்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டிவைக்க இடமும் பழுதுபார்க்கக் கருவியும் வைத்திருப்பார்கள்.

பாறைமுனையில் நின்று கடலைப் பார்ப்பதற்காகவே போகிறவருக்கு, தொடையில் வலுவும் சாலையில் லாரியோடு ஓடிப் பழக்கமும் இருந்தால், போர்ச்சுகலின் தென்மேற்கைத்தான் சொல்வேன். செதூபலிலிருந்து சாக்ரெஷ் வழியாக லாகோஷ் வரை ஐந்து நாள், ஒரு நாள் கூடுதல் கையிருப்பு. அயர்லாந்தைப் பற்றி என் தீர்ப்பு கோடை மாதங்களுக்கு மட்டும் பொருந்தும்.

முதன்முறை போகிறவர்கள், குழந்தையோடு போகிறவர்கள், வயதில் மூத்தவர்கள் லா ரொஷெலில் தொடங்கி ஆந்தாயில் முடிக்கட்டும். ஓட்டம் பத்துப் பன்னிரண்டு நாள், நிற்க இரண்டு நாள். கடைசி நாள் சேன்-ழான்-த-லூஸிலிருந்து பாறையோரச் சாலையில் காலையிலேயே ஏறிவிட்டால் காரும் குறைவு, அதுவரை காட்டுக்குள் மறைந்திருந்த கடல் முழுவதுமாகத் தெரியும். ஆந்தாய் நிலையத்திலிருந்து பயோன் திசையில் பிரெஞ்சு வண்டிகள் புறப்படும். பக்கத்திலேயே சான் செபாஸ்தியானுக்குப் போகும் பாஸ்க் சிறுரயில். அதிலும் சைக்கிளை ஏற்றலாம்.