ஹீட்டர் திருத்த வந்தவர் காட்டிய கறள் துண்டு

யாழ்ப்பாணத்தில் கொக்குவில், திருநெல்வேலி, கோண்டாவில் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

அம்மாவுக்கு 82 வயது. மார்கழிக் குளிரில் முழுக முடியாமல் கஷ்டப்படுகிறா என்று 6 வருடத்துக்கு முன் குளியலறையில் 30 லீற்றர் ஹீட்டர் பூட்டினோம். அண்மையில், சுடுதண்ணீர்க் குழாய் ஹீட்டரோடு சேரும் இடத்தில் கறள் வழிந்து சுவரில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. எங்கள் தண்ணீர் உங்களுக்குத் தெரியும்தானே. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீர், கேத்திலின் அடியிலேயே வெள்ளையாகப் படியும். அதில் உவரும் கலந்தால், குழாயை ஹீட்டரோடு சேர்க்கும் நிப்பிள் என்ற சின்ன இரும்புத் துண்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு பிளம்பர் வந்தார். இளம் ஆள், மரியாதையாகக் கதைத்தார். "ரெண்டு பக்கமும் கழட்டிப் பித்தளை நிப்பிள் போடவேணும் அக்கா. இப்பிடியே விட்டால் ஒருநாளைக்குப் பிச்சுக்கொண்டு போகும்." 18,500 ரூபா என்றார். சரி என்றேன். அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்து நீட்டினார். முழுக்கக் கறள், ஒரு பக்கம் ஓட்டை. "உங்கடை ஹீட்டரிலை இருந்ததுதான் அக்கா." எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. தேத்தண்ணி கொடுத்து, காசை எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்கவில்லை. அந்தத் துண்டை மட்டும் ஏனோ எறியாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

பதினேழாம் நாள் விடியற்காலை ரிப் சுவிச் விழுந்தது. தூக்கிவிட்டால் திரும்பவும் விழுகிறது. ரோச் அடித்துப் பார்த்தால் ஹீட்டரின் அடி மூடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

இந்த முறை அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு வேலை செய்யும் ஐயாவைக் கூப்பிட்டேன். அவர் முதலில் என்னிடம் கேட்டது, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று. "புது" நிப்பிளில் வைத்தார், டக்கென்று ஒட்டியது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. நகத்தால் சுரண்டினார். பொன்னிறப் பெயின்ற் உரிந்தது, அதற்குக் கீழே குழைத்துப் பூசிய பசை, அதற்குக் கீழே எங்களுடைய பழைய கறள் நிப்பிள். கழற்றவே இல்லை. பசை விட்ட இடத்தால் கசிந்த தண்ணீர்தான் வயர் பூட்டிய இடத்துக்குள் இறங்கியிருந்தது. ஜன்னலில் இருந்த துண்டைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்த உடனேயே சொன்னார்: "இது முக்கால் இஞ்சி, பிள்ளை. உங்கடை ஹீட்டர் அரை இஞ்சி." ஆர் வீட்டிலோ கழற்றியதைப் பையில் கொண்டு திரிந்து எனக்குக் காட்டியிருக்கிறார்.

காசு போனதைக்கூட விடலாம். இதை என்னால் மன்னிக்க முடியாது: பச்சைத்தண்ணீர் உள்ளே போகும் பக்கம் ஒரு சிறிய பாதுகாப்பு வால்வு இருக்கும். தண்ணீர் சூடாகும்போது விரியும். வந்த வழியே திரும்பிப் போக அந்த வால்வு விடாது, அதனால் கூடுதலான தண்ணீரைத் தானே சொட்டுச் சொட்டாக வெளியே விடும். சொட்டுவது பழுது இல்லை, அதன் வேலையே அதுதான். முதல் வந்த ஆள் அதன் வாயில் ஸ்க்ரூ ஒன்றை முறுக்கி, மேலே பசை பூசி அடைத்திருந்தார். அமுக்கம் போக வழியில்லாமல் ராங்கி வெடித்திருந்தால்? அதற்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு இருந்துதான் அம்மா குளிக்கிறா. பதினேழு நாள் அப்படித்தான் குளித்தா.

ஐயா மெயினை நிறுத்தி, ராங்கித் தண்ணீரை இறக்கிவிட்டுத்தான் கழற்றத் தொடங்கினார். பழைய நிப்பிள் சாவி பட்டதும் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. இரும்பும் பித்தளையும் நேரே தொட்டால், தண்ணீர் பட்டு இரும்பு இன்னும் கெதியாக அரிபடுமாம். அதனால் நடுவில் பிளாஸ்டிக் வைத்த யூனியன் என்ற இணைப்பைப் பூட்டி, வால்வையும் புதிதாக மாற்றினார். சாமானோடு 9,200 ரூபா, கடை பில்லும் தந்தார்.

முதல் ஆளுக்கு எடுத்தேன். "அது நான் செய்த வேலை இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம் என்றார்கள், ஆனால் என் கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

அண்மையில் உங்கள் வீட்டில் ஹீட்டர் திருத்தியிருந்தால் அந்த வால்வின் வாயை இன்றைக்கே பாருங்கள். அடைத்திருந்தால் ஹீட்டர் சுவிச்சைப் போடாதீர்கள், நீங்களாகக் கழற்றவும் வேண்டாம். ஆளைக் கூப்பிட்டு, அவர் வேலை முடிக்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.