பழைய காருக்கு பாட்டு செட்டு மாத்தப் போறீங்களா? 18,700 ரூபா குடுத்து புகையை வாங்கிட்டு வந்தவன் சொல்றேன், படிச்சிட்டுப் போங்க

கோவம் ஆறதுக்கு முன்னாடி எழுதிடறேன். ஆறிட்டா "போனா போவுது, விடு"ன்னு எனக்கே தோணிடும். அதுக்காகத்தான் "நாளைக்கு வாங்கண்ணே, நாளைக்கு வாங்கண்ணே"ன்னு இழுக்கறாங்கன்னு இப்பதான் புரியுது. என்னென்ன பாத்து வாங்கணும், எப்படி வேலை வாங்கணும்னு கடைசில விவரமா எழுதறேன். முதல்ல நடந்தத சொல்லிடறேன்.

18,700 ரூபா. இத மனசுல வச்சிக்கிட்டு படிங்க.

வண்டி 2003 மாடல் ஜென். அப்பா ஹார்பர்ல ரிட்டயர் ஆன பணத்துல வாங்கினது. 2018ல ஒரு தடவை, 2023ல ஒரு தடவை ஆர்.சி. ரினீவல் பண்ணி, கிரீன் டேக்ஸ் கட்டி ஓட்டிட்டு இருக்கேன். இந்தக் காலத்துல யாருய்யா ஜென் வச்சிருக்காங்கன்னு கேக்கறவங்க, தண்டையார்பேட்டைல எங்க சந்துக்குள்ள உங்க வண்டிய ஒரு தடவை நுழைச்சிட்டு வந்து பேசுங்க. வண்டி மேல எந்தக் குறையும் இல்ல. செட்டுதான் செத்துப் போச்சு. அப்பா போட்ட கேசட் டெக். உள்ள ஒரு டி.எம்.எஸ். கேசட் மாட்டிக்கிட்டு வருஷக்கணக்கா வெளிய வராம கெடந்துது. பின்னாடி ஸ்பீக்கர் ரெண்டும் கிழிஞ்சு கரகரன்னு இழுக்கும். ப்ளூடூத் வர்ற மாதிரி சிங்கிள் டின் (பழைய டெக் இருந்த அதே ஒத்தை சைஸ்) செட்டு ஒண்ணு, நாலு ஸ்பீக்கர், சவுண்ட கூட்டறதுக்கு சின்னதா ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), இருபது வருஷப் பழைய வயரை எடுத்துட்டு சுத்தமா புது வயரிங். இவ்ளோதான் கேட்டேன்.

கார் சாமான் கடைங்க வரிசையா இருக்கற ஜி.பி. ரோடு போயிருக்கணும். நாலு கடை ஏறி இறங்கி விசாரிச்சிருக்கலாம். சனிக்கிழமை டிராஃபிக்ல யாரு மவுன்ட் ரோடு வரைக்கும் போறதுன்னு ஒரு சோம்பேறித்தனம். வியாசர்பாடி பக்கம் சீட் கவர், ஃப்ளோர் மேட்டெல்லாம் வாசல்ல தொங்கவிட்ட கார் ஆக்ஸஸரீஸ் கடை ஒண்ணு. பேரு போடல. கேட்டு இன்பாக்ஸ்ல வராதீங்க.

நான் எந்த எடத்துல விழுந்தேன்னு சொல்றேன். கடைக்காரப் பையனுக்கு முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். டெக்க வெளிய இழுத்தான். தூக்கிப் போடுவான்னு பாத்தா, தன்னோட கர்ச்சீப்ப எடுத்து மேல இருந்த தூசியத் தொடச்சான். மூடிய கழட்டி, ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரால அந்த கேசட்ட நோகாம நெம்பி எடுத்தான். டேப் ஒரு முழம் வெளிய வந்துடுச்சு. பேனாவ ஓட்டைல விட்டு பொறுமையா சுத்தி உள்ள அனுப்பி, என் கைல குடுத்து, "அப்பா பொருளா? பத்திரமா வைங்கண்ணே"ன்னான்.

அவ்ளோதான். அதுக்கப்புறம் அவன் என்ன சொன்னாலும் தலையாட்டிட்டேன். ரேட் பேசக்கூட வாய் வரல.

ஒரு துண்டுச் சீட்டுல எழுதினான். செட்டு 7,500. நாலு ஸ்பீக்கர் 4,000. ஆம்ப் 4,200. ப்யூர் காப்பர் வயரிங் கிட் 1,800. கூலி 1,200. ஆக மொத்தம் 18,700. சீட்டுல கடை பேரு இல்ல, நம்பர் இல்ல, சீல் இல்ல. பில்லு கேட்டேன். "பில்லு போட்டா ஜிஎஸ்டி சேந்துடும்ணே, உங்களுக்கு எதுக்கு அது, நான் இங்கயேதான இருக்கேன்"னான். அட்வான்ஸ் பத்தாயிரம் ஜிபே பண்ணேன். ஸ்க்ரீன்ல யாரோ ஒரு லேடி பேரு வந்துது. கேட்டதுக்கு "வீட்லண்ணே"ன்னான். மிச்சம் 8,700 கேஷா வேணுமாம். அதுக்கும் சரின்னேன்.

அப்புறம் சொன்னான், "வேலைக்கு ரெண்டு மணி நேரம் ஆவும். வெயில்ல எதுக்கு நிக்கறீங்க, அந்தாண்ட அத்தோ நல்லாருக்கும், சாப்ட்டு வாங்கண்ணே." போனேன். அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்ட்டேன், முட்டை போட்டு வாழைத்தண்டு சூப்பும் குடிச்சேன். திரும்பி வந்தா டோர் பேனல் எல்லாம் மூடியாச்சு, டேஷ்போர்டு மூடியாச்சு, பாட்டு அதிருது. "பேஸ் எப்டிண்ணே?"ன்னு சிரிக்கறான். நானும் சிரிச்சிட்டு 8,700 எண்ணிக் குடுத்துட்டு வந்தேன். பழைய டெக்க "கிளீன் பண்ணி வைக்கறேன், அப்புறமா வந்து எடுத்துக்கங்க"ன்னான்.

ஞாயித்துக்கிழமை மழை, வண்டிய எடுக்கல. திங்கக்கிழமை காலைல சாவியத் திருகினா டொக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். முன் சீட்டுக்கு அடில நீலமா ஒரு லைட் எரியுது. குனிஞ்சு கைய வச்சா ஆம்ப் வெதுவெதுன்னு இருக்கு. சாவி என் கைலதான் இருக்கு. காலுக்குக் கீழ மேட்டு வேற சொதசொதன்னு ஈரம்.

போன் பண்ணேன். "அது இன்டிகேட்டர்ணே, அப்டித்தான் எரியும். உங்க பேட்டரி வீக்கு, மாத்திடுங்க." மாத்தினேன். பழச எடுத்துக்கிட்டு 3,900. புது 35 ஏஹெச் பேட்டரி, வியாழக்கிழமை காலைல அதுவும் க்ரக் க்ரக்னு இழுக்குது. மறுபடி போன். "பையன் ஊருக்குப் போயிருக்கான்." மத்தியானம் பண்ணா, "ஓனர் வரணும்ணே." சனிக்கிழமை வரைக்கும் அவந்தான் ஓனருன்னு நெனச்சிட்டு இருந்தேன்! ஆம்ப் எரியறத வீடியோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பினேன். ரெண்டு நீல டிக். பதில் இல்ல.

வெள்ளிக்கிழமை அம்மாவ கூட்டிக்கிட்டு திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனேன். திரும்பி வர்றப்ப எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல முன்னாடியும் பின்னாடியும் கன்டெய்னர் லாரி. பின் சீட்டுல இருந்து அம்மா, "டேய், மிக்ஸி கருகற மாதிரி வாசனை வரல?"ன்னாங்க. ரோட்டுல வர்ற வாசனைன்னு நெனச்சேன். அடுத்த நிமிஷம் டேஷ்போர்டுக்கு அடியிலேர்ந்து நூல் மாதிரி புகை. எப்படி ஓரங்கட்டினேன், அம்மாவ எப்படி இறக்கினேன்னு சரியா ஞாபகமில்ல. டூல் பைல பத்தாம் நம்பர் ஸ்பானர் இருந்துது, பேட்டரி மைனஸ கழட்டிட்டேன். கை நடுங்கி நட்டு ஒண்ணு கீழ விழுந்துது. அது இன்னும் அந்த ரோட்டுலதான் கெடக்கு.

நேத்து காலைல வண்டிய கட்டி இழுத்துக்கிட்டு, எங்க ஏரியாவுல முப்பது வருஷமா ஆட்டோ எலக்ட்ரிக்கல் பாக்கற பாய் ஒருத்தர் கிட்ட போனேன். அவர் டேஷ்போர்டத் தொறந்தாரு. ஒரு நிமிஷம் ஒண்ணுமே பேசல. அப்புறம், "தம்பி, இங்க வந்து நீயே பாரு"ன்னாரு.

புது செட்டுல மஞ்ச வயர் பேட்டரி லைன், எப்பவும் கரென்ட் இருக்கும், மெமரிக்கு. சிவப்பு சாவி போட்டாதான் வரும். நீலத்துல வெள்ளைக் கோடு போட்டது, செட்டு ஆன் ஆனதும் ஆம்ப எழுப்பற வயர். இந்த நீலத்தக் கொண்டு போய் மஞ்சளோட முறுக்கி விட்டிருக்கான். அப்போ ஆம்ப் தூங்கவே தூங்காது. பாய் மீட்டர் வச்சுக் காட்டினாரு, சாவி இல்லாமயே 1.2 ஆம்பியர் போவுது. பேட்டரி 35 ஏஹெச், அதாவது 35 ஆம்பியர் ஹவர். அத 1.2ஆல வகுத்துப் பாருங்க, 29 மணி நேரம் சொச்சம், ஒண்ணேகால் நாள் கூட தாங்காது. கார் சும்மா நிக்கறப்ப 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணுமாம்.

அடுத்தது பேட்டரிலேர்ந்து ஆம்புக்கு வர்ற பெரிய வயர். கத்தியால சுரண்டினாரு. மேல செம்பு கலரு, உள்ள வெள்ளை. அலுமினியத்துக்கு செம்பு முலாம். இதுக்குப் பேரு ப்யூர் காப்பர், 1,800 ரூபா! அந்த வயரு எஞ்சின் பக்கத்துல இருந்து உள்ள வர்ற தகரத்து ஓட்டைல ரப்பர் புஷ்ஷே இல்ல. வண்டி ஆட ஆட தகரத்தோட விளிம்பு வயர் மேல இருக்கற உறையைச் சீவியிருக்கு. பாடி முழுக்க மைனஸு, பிளஸ் அதுல பட்டா நேரா ஷார்ட்டு. சரி, ஃப்யூஸ் போயிருக்கணுமே? ஃப்யூஸ் ஹோல்டர் இருந்துது. தொறந்தா உள்ள ஃப்யூஸ் இல்ல. சிகரெட் பாக்கெட்டுல வர்ற ஜிகினா பேப்பர். சுருட்டி சொருகியிருந்தான். அத என் உள்ளங்கைல வச்சிட்டு பாய் சொன்னாரு, "இத கட்டினவனுக்குப் புள்ள குட்டி இருக்கா தம்பி?"

இன்னும் முடியல. வயர சொருகறதுக்கு வண்டியோட வந்த கம்பெனி கப்ளர வெட்டி எறிஞ்சிட்டு எல்லா ஜாயின்ட்டையும் கையால முறுக்கி டேப் சுத்தியிருக்கான். டோருக்குள்ள மழைத்தண்ணி உள்ள வராம ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் ஷீட்ட கிழிச்சிருக்கான், ஈரம் அதனாலதான். பின்னாடி ஸ்பீக்கர் மூடியக் கழட்டினா, எங்கப்பா போட்ட அதே கிழிஞ்ச ஸ்பீக்கர் ரெண்டு உக்காந்திருக்கு! செட்டுல ஃபேடர, அதான் சவுண்ட முன்னாடி பின்னாடி பிரிக்கற செட்டிங்க, முழுசா முன்பக்கம் தள்ளி வச்சிருக்கான், பின்னாடி கரகரப்பு எப்படிக் கேக்கும்? நாலுக்குக் காசு வாங்கிட்டு ரெண்டு. இதெல்லாம் நான் அத்தோ சாப்ட்டுட்டு இருந்தப்ப நடந்தது.

"ஃபுல் 200 வாட்ஸ்ணே"ன்னு செட்ட வித்தான். பாய் அதுக்குப் பின்னாடி இருந்த ஃப்யூஸ காட்டினாரு. 10 ஆம்பியர். பேட்டரி 12 வோல்ட். பெருக்கினா 120. உள்ள வர்றதே 120ன்னா வெளிய எப்படி 200 வரும்? அட்டைல போடறது ஒரு நொடி உச்சத்துக்கு, நிஜமா ஸ்பீக்கருக்கு இருபது வாட் வந்தாலே பெருசாம்.

நேத்து சாயங்காலம் ஜிகினா பேப்பரோட கடைக்கே போனேன். அவன் கத்தியிருந்தா கூட எனக்கு இவ்ளோ எரிஞ்சிருக்காது. அதே சிரிப்பு. "வெளி ஆள் கை வச்சிட்டாருல்லண்ணே, வாரன்டி போச்சேண்ணே. இந்தப் பேப்பர் நாங்க வச்சதுன்னு எப்டிண்ணே சொல்றீங்க?" 18,700ல பாதியாச்சும் குடுன்னேன். "எந்த 18,700ண்ணே? பில்லு இருக்கா?" சரி, எங்கப்பா டெக்க குடுன்னேன். உள்ள பாத்து யாரையோ கேட்டுட்டு வந்தான். "அது காயலான் கடைக்குப் போட்டாச்சுண்ணே." ஒரு வாக்கியத்துக்கு ஒரு அண்ணே. வீட்டுக்கு வர்றதுக்குள்ள வாட்ஸப்ல என்னை ப்ளாக் பண்ணிட்டான்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன். மணி பன்னெண்டாவுது, கை வலிக்குது, சுருக்கமா சொல்றேன். வேலை நடக்கறப்ப எடத்த விட்டு நகராதீங்க, டீ வாங்கிக் குடுத்தாலும் அங்கயே நின்னு குடிங்க. பேனல் மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஜாயின்ட்டையும் போட்டோ எடுங்க. ஒரிஜினல் வயர வெட்ட விடாதீங்க, உங்க வண்டிக்கு ஏத்த கப்ளர் தனியா கெடைக்கும், அத வாங்கிப் போடச் சொல்லுங்க. வயர சுரண்டிப் பாருங்க. பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃப்யூஸ் இருக்கணும், அத நீங்களே தொறந்து பாருங்க. பில்லு இல்லாம பத்து பைசா குடுக்காதீங்க, ஜிபேல வேற பேரு வந்தா அங்கயே நிறுத்துங்க. பழைய பொருள அன்னிக்கே கைல வாங்கிட்டு வந்துடுங்க.

1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைனுக்கு நாளைக்குப் பேசப் போறேன். நுகர்வோர் கமிஷன்ல அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்லையாம், அங்கயும் எழுதிப் போடறேன். கைல இருக்கறது துண்டுச் சீட்டும் ஒரு ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும்தான். பத்தாயிரத்துக்குத்தான் அதுல கணக்கு, மிச்சம் 8,700 காத்துல போச்சு.

வண்டி இன்னும் பாய் கடைலதான் நிக்குது. மொத்த வயரிங்கையும் திரும்பப் போடணும்னாரு. எவ்ளோ ஆகும்னு கேட்டேன், "முதல்ல எல்லாத்தையும் பிரிக்கறேன், அப்புறம் சொல்றேன்"னாரு. பிரிக்கறப்ப நான் பக்கத்துலயே இருப்பேன்னு சொல்லிட்டேன். ஸ்டூல் போட்டுத் தர்றேன்னாரு.